மிஸ் எழுதிக் கொடுத்த பத்து வாக்கியங்கள்

என்னோடு ஒரே ஒலிவாங்கியின் முன் நின்று, எச்சரிக்கை மணிக்கும் இறுதி மணிக்கும் இடையே மூச்சைப் பிடித்துப் பேசிப் பழகிய தோழர்களே, தோழியரே! இருபத்து நான்கு வயதில் இளமை நினைவுகளை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று சொல்வீர்கள். ஏற்கிறேன். அதிகமாகப் பிரசங்கித்துத்தான் நாம் எல்லோரும் வளர்ந்தோம். ஆயினும் எந்த மேடையிலும் நான் சொல்லாத ஒன்று உண்டு. மணி அடிக்க ஆளில்லாத இந்தத் தாளில் அதைச் சொல்லிவிடுகிறேன். நான் பதினோராம் வகுப்பில் படித்த ஆண்டின் மார்கழியும் தையும்தான் காலம். என் நாவன்மையால் ஒரு பெண்ணின் வேலை போகவிருந்தது என்பதுதான் செய்தி.

எங்கள் ஊர் பெருநகர். பள்ளி உத்திரமேரூரில். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் தமிழ்ப் பேச்சுப் போட்டிகளில் நான் வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் இடமின்றி, அரிசி டின்னின் மேல் ஏறியிருந்தன. அந்த நிலையில்தான் என் அப்பா, வீட்டு வழக்கில் நைனா, மேல்நிலை வகுப்பில் எனக்குத் தமிழை எடுத்துவிட்டுப் பிரெஞ்சு போட்டார். தமிழில் எவ்வளவு எழுதினாலும் மதிப்பெண்ணைப் பிடித்துவிடுவார்கள், பிரெஞ்சில் அள்ளிக் கொடுப்பார்கள் என்று தேநீர்க் கடையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தமிழுதான் உனுக்கு வருதே! வர்றத எதுக்குத் திரும்பப் படிச்சிகினு கெடக்கணும்?"

எத்தனையோ நடுவர்களின் முன் எத்தனையோ வாதங்களை முறியடித்தவள் நான். அந்த வாதத்தைக் கேட்டதும் சாப்பிடத் தட்டை எடுத்தேன்.

பிரெஞ்சு எடுத்தவர்கள் பதினொரு பேர். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறை முன்பு வேதியியல் கூடத்தின் கிடங்காக இருந்தது. சன்னலைத் திறந்தாலும் அமில நெடி போகாது. முதன்முதல் கற்ற பிரெஞ்சுச் சொற்களை இன்று நினைத்தாலும் எனக்கு மூக்கில்தான் முதலில் ஏறுகிறது. பாடநூல் நகல் எடுத்த பிரதி. படங்களில் இருந்த மனிதர்கள் எல்லோரும் கரிய முகத்தோடு, எங்கள் ஊர் வெயிலில் நின்றவர்களைப் போலவே இருந்தார்கள்.

பிரெஞ்சு மிஸ் புதுச்சேரிக்காரர். வயது இருபத்தாறு இருக்கலாம். பல் துலக்கும் தூரிகைக்கான டப்பாவில் சுண்ணக்கட்டிகளை வைத்திருப்பார். ஒரு கம்பி முறிந்த குடை எப்போதும் கையில் இருக்கும். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஓர் அறையில் தனியே குடியிருந்தார். அவரைப் பற்றிய செய்திகளை எல்லாம் எங்களுக்குத் திரட்டித் தந்தவள், என் பக்கத்து இருக்கைக்காரி. எங்கள் ஊர் மினி பஸ் நடத்துநரின் மகள். யாரைப் பார்த்தாலும், எந்த ஊர், எத்தனை பிள்ளை, இன்னா வேலை என்று மூன்று நிறுத்தத்துக்குள் கேட்டு முடித்துவிடும் குடும்பம் அது.

"மிஸ்ஸோட அண்ணன், 'ஒரு வருசம் வெளியூர்ல வேலை பார்த்துக்கோ. நெலைச்சா இரு, இல்லைனா வூட்டுக்கு வந்து நாங்க சொல்றவனக் கட்டிக்கோ'ன்னு சொல்லி அனுப்சிகீறாராம்டி" என்று ஒரு மதிய உணவு வேளையில் அவள் சொன்னாள். "ஆனில வந்தாங்க. பாதி வருசம் ஆகப் போவுது."

கார்த்திகையில் ஒருநாள் பாடநூலில் ஒரு சிறுகதை வந்தது. அதன் வினைச்சொற்கள் எல்லாம் நாங்கள் அதுவரை காணாத உடை உடுத்தி நின்றன.

"இதுக்குப் பேரு பாஸே சேம்ப்ல். எளிய இறந்தகாலம்னு அர்த்தம். பேருலதான் எளிமை" என்றார் மிஸ். "கதைப் புத்தகத்துல வரும், சரித்திரத்துல வரும். வாயால யாரும் பேச மாட்டாங்க. பார்த்தா அடையாளம் தெரிஞ்சா போதும். பக்கத்தைத் திருப்புங்க."

பத்துப் பேர் திருப்பினார்கள். நான் திருப்பவில்லை. வாயால் யாரும் பேச மாட்டார்களாம்! எங்கள் வீட்டில் மட்டும் 'ஆயினும்' என்றும் 'வீழ்ந்தனர்' என்றும் யார் பேசினார்கள்? மேடையேறியதும் அச்சொற்கள் என் வாயில் வந்து வரிசையாக நிற்கவில்லையா? அவ்வாறாயின் இது பிரெஞ்சுக்காரர்களின் மேடைமொழி என்று தீர்மானித்தேன். வீட்டுக்கு ஒரு பேச்சு, அவைக்கு ஒரு பேச்சு என்று வளர்ந்த நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் தீர்மானித்திருப்போம். உலகெங்கும் அவ்வாறே என்று நம்பியதுதான் என் பிழை.

விதைநெல் கடையார் கொடுத்த பழைய நாட்காட்டியின் தாள்களைக் கிழித்து, வெண்பக்கத்தில் அந்த வினை வாய்பாடுகளை எழுதினேன். கஞ்சி தடவி எங்கள் வயல் மோட்டார் கொட்டாயின் உட்சுவரில் ஒட்டினேன். மோட்டார் ஓடும்போது அதன் இரைச்சலை மீறி உச்சரிப்பது குரலுக்கு நல்ல பயிற்சி. 'இரு' என்னும் வினையை ஆறு இடங்களுக்கும் அடுக்கினால் ஃப்யூ, ஃப்யூ, ஃப்யூ, ஃப்யூம், ஃப்யூத், ஃப்யூர் என்று வரும். நவரைப் பட்டத்து நடவுக்கு வந்திருந்த பெண்கள் சேற்றில் குனிந்தபடியே கேட்டார்கள்.

"இன்னா பாப்பா, அடுப்பு புடிக்கலியா? அந்த ஊது ஊதறே!"

"சும்மா இருடி, அது இங்கிலீசுல மந்திரம் சொல்லுது."

"இங்கிலீஷ் இல்லக்கா, பிரெஞ்சு" என்று நான் வெளியே வந்து அறிவித்தேன்.

"எதுவா இருந்தா இன்னா? மோட்டார நிறுத்திட்டு ஊது. பாதி காதுலயே வுழல."

அந்தத் தாள்கள் அடுத்த ஐப்பசி மழையில் ஊறிச் சுவரிலிருந்து வழிந்தன. ஒன்றைக்கூட நான் காப்பாற்றி வைக்கவில்லை.

அந்தக் கார்த்திகையிலேயே பெற்றோர் கூட்டம் நடந்தது. ஒரு மாணவனின் தந்தை எழுந்து, "எம் பையன் பிரெஞ்சுல ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்ல. அவுங்க நடத்தறது நெஜமாவே பிரெஞ்சுதானான்னு இங்க யாருக்குத் தெரியும்?" என்றார். கூடமே சிரித்தது. பள்ளியின் தாளாளர் சிரிக்கவில்லை. அவர் அரிசி ஆலை நடத்துபவர். நெல்லைக் கடித்துப் பார்க்காமல் மூட்டையை ஏற்றாதவர். தம் பள்ளிக்கூடத்தில் தாம் கடித்துப் பார்க்க முடியாத ஒன்று இருக்கிறதே என்பது அவரை அன்றே உறுத்தியிருக்க வேண்டும். அவருடைய மைத்துனர் சென்னையிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளைக் காரில் அழைத்துவந்து, உத்திரமேரூர்க் கோயிலின் கல்வெட்டு மண்டபத்தைக் காட்டுபவர். தாளாளர் அங்கேயே தீர்ப்பளித்தார்.

"ஆண்டு விழாவுக்கு பிரெஞ்சுக்காரங்களையே இட்டாறேன். நம்ம பசங்கள்ல ஒண்ணு அவுங்க பாஷைல வரவேற்புரை பேசட்டும். அவுங்களுக்குப் புரிஞ்சுதா, மிஸ் இருக்கட்டும். புரியலியா, இந்த வருசத்தோட பிரெஞ்சும் வாணாம், மிஸ்ஸும் வாணாம்."

பேசுவது யார் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. எனக்கும்தான்.

மிஸ் ஒரு கோடிட்ட தாளில் பத்து வாக்கியங்கள் எழுதிக் கொடுத்தார். நீங்கள் வெகு தூரத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். எங்கள் முன்னோர் ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டுத் தேர்தல் நடத்தினார்கள். அதைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். இப்படியே போய், கடைசி வாக்கியம், காலையில் சாப்பிட்டீர்களா என்று முடிந்தது. எல்லாம் அன்றாடப் பேச்சின் இறந்தகாலம். படித்ததும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

"மிஸ், இதையெல்லாம் பாஸே சேம்ப்ல்ல மாத்திக்கட்டுமா? மேடைக்கு கம்பீரமா இருக்கும்."

"வாணாம்மா. எழுதிக் கொடுத்தத அப்படியே பேசு. அவங்களுக்குப் புரியணும், அவ்ளோதான்."

நான் தலையாட்டினேன். பிறகு மோட்டார் கொட்டாய்க்குச் சென்று, பத்து வினைகளையும் மாற்றினேன். அயல்நாட்டிலிருந்து வந்தவர்களை மேடையிலிருந்து 'நாஷ்டா ஆச்சா?' என்று கேட்பதா? அவையை அவமதிப்பதா? ஒருவரின் வாழ்க்கை அந்தத் தாளில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் மாற்றினேன். மிஸ்ஸின் எளிய நடையால் அவர் வேலை போய்விடக் கூடாதே என்று கவலைப்பட்டு மாற்றியதாகக்கூட எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்வன்மை உடையவர்களுக்குத் தம்மை ஏமாற்றிக்கொள்ளும் வசதியும் சேர்ந்தே கிடைக்கிறது.

மார்கழி வெயில் சாய்ந்த ஒரு மாலையில் விழா தொடங்கியது. பந்தலில் ரோஸ்மில்க் மணத்தது. முன்வரிசையில் முதிய பிரெஞ்சுத் தம்பதியர். கணவரின் தோளில் தாளாளர் போர்த்திய பட்டுத் துண்டு. மனைவியின் தலையில் வைக்கோல் தொப்பி. மிஸ் மேடைப் படிக்கட்டின் ஓரத்தில் நின்று, நான் பேசப்போகும் வாக்கியங்களை உதட்டளவில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் கைகூப்பினேன். அவையை இடமிருந்து வலமாக நோக்கினேன். ஓங்கிய குரலில் தொடங்கினேன். 'வூ ஸெத் வெனூ' என்று மிஸ் எழுதியிருந்தார், நீங்கள் வந்திருக்கிறீர்கள் என்று. நானோ 'வூ வேன்த்!' என்று முழங்கினேன். 'நீவிர் வந்தருளினீர்!' என்பதற்கு நிகர். தொப்பி அணிந்த அம்மையாரின் புருவம் உயர்ந்தது. மிஸ்ஸின் உதடுகள் நின்றுவிட்டன. முன்னோர் எழுதினர், இட்டனர், வெட்டினர் என்று நான் கையை வீசியபோது கணவர் மனைவியைப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பத்தாம் வாக்கியத்துக்கு வந்து, 'உண்டருளினீரோ?' என்று நான் விண்ணை நோக்கி வினவியபோது, அந்த அம்மையார் தோள் குலுங்க, கண்ணில் நீர் வர, வாய்விட்டுச் சிரித்தார்.

கூட்டம் கைதட்டியது. நம் கூட்டங்கள் எதற்கும் கைதட்டும். கணவர் மைத்துனரிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். மைத்துனர் தாளாளரிடம் குனிந்தார்.

"ராஜா காலத்துப் பேச்சாட்டம் கீதாம் மாமா. இப்ப அங்க யாருமே இப்படிப் பேசறதில்லியாம்."

தாளாளர் படிக்கட்டின் பக்கம் திரும்பினார். "செத்துப்போன பாஷையவா மிஸ் இத்தினி நாளா சொல்லிக் குடுத்துகினு கீறீங்க?"

மிஸ் என்னை ஒருமுறை பார்த்தார். கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன். கணக்குத் தவறிய பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "என் தப்புதான் சார்" என்றார்.

"திங்கக்கெழம மில்லாண்ட வந்து பாருங்க."

அதற்குள் அந்த அம்மையார் மேடையேறி வந்து என் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எதையோ வேகமாகச் சொன்னார். ஒரு வினையை ஆறு இடங்களுக்கும் அடுக்கத் தெரிந்த எனக்கு, அவர் சொன்னதில் ஒரு சொல்லும் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நைனா மண்வெட்டியால் வரப்பைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அருகில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"மிஸ்ஸு சொல்லி மாத்தினியா, நீயா மாத்தினியா?"

"நானாதான்."

"அந்தம்மா வாணாம்னு சொல்லுச்சா?"

"சொன்னாங்க நைனா."

அவர் வாய்க்காலில் மண்வெட்டியைக் கழுவினார். "காலைல வண்டில ஏறு" என்றார்.

அரிசி ஆலையின் அலுவலறையில் மேசை, நாற்காலி, தாளாளரின் புருவம் எல்லாவற்றின் மேலும் தவிடு படிந்திருந்தது. மிஸ் ஏற்கெனவே வந்து, மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குடையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் வண்டியில் வரும்போதே உரையை வகுத்து வைத்திருந்தேன். முன்னுரை, குற்ற ஏற்பு, வேண்டுகோள்.

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களே! பிழை என்னுடையது. பழி மட்டும் பிறருடையது ஆகலாமா? வினைகளை மாற்றியவள் நான். வேண்டாம் என்று தடுத்தவர் அவர். தண்டனை எவருக்கு உரியது என்பதைத் தங்கள் மனச்சான்று சொல்லட்டும்!"

தாளாளர் தலையைச் சாய்த்து, கச்சேரி கேட்பவரைப் போல் முழுவதையும் கேட்டார்.

"சூப்பரா பேசினம்மா! போன மாசம் செல்போன் நல்லதுன்னு பேசினே. அடுத்த வாரமே கெட்டதுன்னு பேசினே. ரெண்டுத்துக்கும் கப்பு குடுத்தவன் நான்தான். இன்னிக்கு மிஸ்ஸு கட்சி. நல்ல மனசும்மா உனுக்கு. ஆனா இஸ்கூல் நடத்தறவன் இதுக்கெல்லாம் மயங்க முடியுமா, சொல்லு?"

தோழர்களே, நாம் பொய்யை வாதாடித் தோற்றிருக்கிறோம், வென்றும் இருக்கிறோம். உண்மையைச் சொல்லி, நன்றாகச் சொன்ன காரணத்தாலேயே நம்பப்படாமல் நின்றிருக்கிறீர்களா? "இல்ல சார், சத்தியமா நான்தான் சார்" என்றேன். அதையும் அவர் ரசித்தார். "பாரு, குரலை எப்படி எறக்கறா!" என்று மிஸ்ஸிடம் சொன்னார்.

அப்போதுதான் வாசலருகே நின்றிருந்த நைனா தொண்டையைச் செருமினார்.

"சார், அது பொய் சொல்லல. திமிரு சார் அதுக்கு."

"இன்னா சொல்றீங்க?"

"எங்க அக்கா பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சோம் சார். தப்பு கீதா பாருன்னு இதுங்கையில குடுத்தோம். பொண்ணு பேர்ல வடமொழி எழுத்து வருதுன்னு, பொண்ணு பேரையே தமிழ்ல மாத்தி அச்சுக்கு அனுப்பிட்டுது. பொண்ணு வூட்டுக்காரங்க வண்டி கட்டிகினு வந்து, 'யாருய்யா இவ? எங்க பொண்ண வுட்டுட்டு வேற எவளக் கட்டப் போறான் உங்க பையன்?'னு ஊரக் கூட்டிட்டாங்க. அத்தினி பத்திரிகையும் கொளுத்தினோம். இது அப்பவும், 'நான் மாத்தினதுதான் சரி'ன்னு சொல்லிகினு நின்னுச்சு. வாணாம்னு ஒருத்தர் சொன்னா கேக்கற ஜாதகமே இல்ல சார். மிஸ்ஸு பாவம்."

தாளாளர் சிரிக்கத் தொடங்கினார். வயிறு மேசையில் இடித்தது. தவிடு பறந்தது. வாசலில் மூட்டை சுமந்தவர்கள் நின்று சிரித்தார்கள். மிஸ்கூடக் குடையின் பிடியில் முகத்தை மறைத்துக்கொண்டார். நான் அழகுற வகுத்த மூன்று பகுதி உரை சாதிக்காததை, என் திமிரைப் பற்றிய நைனாவின் வாக்குமூலம் சாதித்தது. அதை நம்புவதற்குத் தாளாளருக்குச் சான்றே தேவைப்படவில்லை.

"சரி, சரி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் தாளாளர். "இந்தப் பொண்ணு முழுப் பரீட்சை முடியற வரைக்கும் மேடையே ஏறக் கூடாது. மிஸ், பொங்கல் முடிஞ்சதும் பிரெஞ்சுக்காரங்க இன்னொரு கூட்டம் மண்டபத்துக்கு வருது. வேற ஒரு புள்ளய பேச வைங்க. அன்னிக்கு எப்படிப் போவுதோ, அதான் முடிவு."

வெளியே வந்ததும் மிஸ் சொன்னார்: "என்னைக் காப்பாத்திட்டேன்னு நெனச்சுக்காத. காப்பாத்தினது உங்கப்பா." பிறகு, "அந்த அம்மா அன்னிக்கு கேலி பண்ணல. இந்த மாதிரி ஒருத்தர் தன்னை வரவேற்றதே இல்லன்னு சந்தோஷத்துலதான் சிரிச்சாங்க" என்றார்.

"சார்கிட்ட சொல்லியிருக்கலாமே மிஸ்?"

"அவர் என்னைக் கேக்கவே இல்லியேம்மா."

மிஸ் தேர்ந்தெடுத்தது நடத்துநரின் மகளை. நான் அதிர்ந்தேன். பெயர்ச்சொல்லின் முன் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனியே வரும் 'லெ', 'லா' முன்னொட்டுகளைச் சோழி உருட்டுவதுபோல் உருட்டிப் போடுகிறவள் அவள். இரண்டு வாரம் அவளுக்குப் பயிற்சி அளிக்க முயன்றேன். கையை எங்கே உயர்த்துவது, எங்கே நிறுத்துவது என்று காட்டினேன்.

"கையத் தூக்கினா எனக்குப் பேச்சு மறந்துடுதுடி. வுட்டுடு, தாயே" என்றாள்.

தை பிறந்து பத்து நாள் இருக்கும். கல்வெட்டு மண்டபத்தில் மேடையில்லை, ஒலிவாங்கியில்லை. பயணிகள் நால்வர். நாங்கள் பதினொரு பேரும் தூண்களின் ஓரமாக நின்றோம். தாளாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எதிரே நின்றார். நடத்துநரின் மகள் மிஸ்ஸின் வாக்கியங்களில் முதல் மூன்றைச் சொன்னாள். நான்காவது வரவில்லை.

மிஸ்ஸின் விரல்கள் குடையின் முறிந்த கம்பியைத் தடவிக்கொண்டே இருந்தன. எனக்கு அந்த நான்காம் வாக்கியம் தெரியும். தொண்டைவரை வந்துவிட்டது. பற்களைக் கடித்துக்கொண்டேன்.

அவள் வெட்கப்படவில்லை. தலையைச் சொறிந்தாள். எதிரே நின்ற வயதான பெண்மணியை ஏறிட்டுப் பார்த்து, பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைக் கேட்பதுபோல், உடைந்த பிரெஞ்சில் கேட்டாள்: உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்? அந்தப் பெண்மணி மூன்று விரல் காட்டி ஏதோ சொன்னார். பெரியவர் எங்கே இருக்கிறார்? அவர் சொன்னார். பேரன் பேத்தி? அவர் கைப்பையைத் துழாவிச் செல்பேசியை எடுத்து ஒரு குழந்தையின் படத்தைக் காட்டினார். இவள் அதை வாங்கிப் பார்த்து, குழந்தையின் மூக்கைத் தன் மூக்கோடு ஒப்பிட்டு எதையோ சொல்ல, அவர் மறுத்துச் சொல்ல, இருவரும் சிரித்தார்கள். மற்ற மூவரும் நெருங்கி வந்தார்கள். முன்னொட்டுகள் எல்லாம் தவறு. மிஸ் இருமுறை திருத்த வாயெடுத்து, இருமுறையும் மூடிக்கொண்டார்.

என் பேச்சுகளை எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவரும் பதில் சொன்னதில்லை என்பது அன்று, அந்தத் தூணருகில்தான் எனக்குத் தெரிந்தது.

"இன்னாடா பேசிக்கிறாங்க?" என்று தாளாளர் மைத்துனரைக் கேட்டார்.

"எனக்கு இன்னா தெரியும் மாமா? நமக்கு இங்கிலீசு மட்டும்தான். ஆனா நிறுத்த மாட்டேன்றாங்களே!"

தாளாளர் சட்டைக்கையைக் கைக்கடிகாரத்தின் மேல் இழுத்து விட்டார்.

"நாளைக்கு கிளாஸ் எடுங்க மிஸ்" என்றார். "அடுத்த வருசத்துக்கும் புத்தகம் சொல்லி அனுப்பிடறேன்."

"சரிங்க சார்" என்ற மிஸ், கல்வெட்டைப் படிப்பவர்போல் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள்கள் ஒருமுறை மேலெழுந்து தணிந்தன. கைதட்ட வேண்டும்போல் இருந்தது எனக்கு. கைகள் உயர்ந்தும் விட்டன. பிறகு மெல்ல இறக்கிக்கொண்டேன். அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள்.